ஸ்டார்ட்அப் கோப்புக்குள் டீபக்கர் வரிவரியாக நகராதது ஏன்?

பீன்யாவாசி:
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைகள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் ஃபர்ம்வேர் எழுதுகிறேன். எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகண்ட்ரோலர் சிப்புக்கு லிங்கர் ஸ்கிரிப்டையும் (நிரலின் எந்தப் பகுதி நினைவகத்தில் எங்கே அமர வேண்டும் என்று சொல்லும் கோப்பு) அசெம்பிளி ஸ்டார்ட்அப் கோப்பையும் (மெயினுக்கு முன் ஓடும் தொடக்க நிரல்) நானே எழுதி, ஜிசிசி கம்பைலரில் பில்ட் செய்கிறேன். ஜிடிபி டீபக்கர் வழியாக ஏற்றி ஓட்டினால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தால், தொடக்க மதிப்புடன் அறிவித்த குளோபல் மாறிகளில் குப்பைதான் இருக்கிறது. ஸ்டார்ட்அப் கோப்பில் சிப் முதலில் ஓட்டும் ரீசெட் ஹேண்ட்லரில் பிரேக்பாயிண்ட் நிற்கிறது. அங்கிருந்து ஸ்டெப் கொடுத்தால், வரி எண் தகவல் இல்லை என்று சொல்லிவிட்டு நேரே மெயினில் போய் நிற்கிறது. மேக்ஃபைலில் டீபக் தகவலைச் சேர்க்கும் -ஜி கொடி இருந்தும் ஏன் இப்படி?

பழைய_அசெம்ப்ளர்:
அந்த -ஜி, சி கோப்புகளுக்கான கொடிகளை வைக்கும் சிஃப்ளாக்ஸில் மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். மேக்கின் உள்ளமைந்த விதிகள் அசெம்பிளி கோப்புகளுக்கு ஏஎஸ்ஃப்ளாக்ஸைத்தான் எடுத்துக்கொள்கின்றன. சிஃப்ளாக்ஸை அவை தொடுவதே இல்லை. ஏஎஸ்ஃப்ளாக்ஸிலும் -ஜி சேர்த்த பிறகு கட்டாயம் மேக் கிளீன் கொடுத்துப் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை அழியுங்கள். கொடி மாறியதை மேக் கவனிக்காது என்பதால், பழைய ஆப்ஜெக்ட் கோப்பே மறுபடியும் லிங்க் ஆகிவிடும். (நான் இதில் அரை நாள் தொலைத்திருக்கிறேன்.) டீபக் பகுதிகள், லிங்கர் தரும் இஎல்எஃப் கோப்போடு நின்றுவிடுகின்றன, ஃபிளாஷில் ஒரு பைட்டைக்கூடப் பிடிப்பதில்லை, ஆகவே அளவைப் பற்றி அஞ்ச வேண்டாம்.

அல்சூர்_இரவுப்பணி:
மேலே சொன்னது சரி, ஆனால் உங்கள் உண்மையான பிழை வேறு இடத்தில் இருக்கிறது. ரீசெட் கொடுத்தாலும் எஸ்ராமில் (சிப்பின் ராம்) உள்ள மதிப்புகள் அப்படியே இருக்கும், மின்சாரம் போனால்தான் அழியும். எனவே ஜிடிபியில் லோட் கொடுத்துவிட்டுச் சோதிப்பது உங்களை ஏமாற்றும். பலகையை அணைத்துப் போட்டு, லோட் கொடுக்காமல், ஜிடிபியைப் பலகையோடு இணைக்கும் ஓப்பன்ஓசிடியின் 3333 போர்ட்டில் இணைந்து, ரீசெட் ஹால்ட் செய்யுங்கள். பிறகு டேட்டா பகுதியை (குளோபல் மாறிகளின் தொடக்க மதிப்புகள்) ஃபிளாஷிலிருந்து ராமுக்கு நகலெடுக்க வேண்டிய ஸ்டார்ட்அப் லூப்பில் நின்று, எங்கிருந்து எங்கே நகலெடுக்கிறது என்று ரெஜிஸ்டர்களைப் பாருங்கள்.

பீன்யாவாசி:
இருவருக்கும் நன்றி. ஏஎஸ்ஃப்ளாக்ஸைத் திருத்தியதும் ஸ்டார்ட்அப் கோப்பின் ஒவ்வொரு வரியும் திரையில் நகர்ந்தது. லூப்பின் முதல் சுற்றில், எங்கிருந்து, எங்கே என்று வைத்திருக்கும் ஆர்1, ஆர்2 ரெஜிஸ்டர்கள் இரண்டிலும் ஒரே முகவரி, அதுவும் ராம் முகவரி! லிங்கர் ஸ்கிரிப்டில் டேட்டா பகுதிக்கு ஏற்றும் இடம் ஃபிளாஷ் என்று குறிக்க மறந்திருக்கிறேன். அதனால் ஜிடிபி மதிப்புகளை நேரடியாக ராமிலேயே எழுதிவந்திருக்கிறது. என் லூப் ராமிலிருந்து அதே ராமுக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தது. ஸ்கிரிப்டைத் திருத்திய பின், அணைத்துப் போட்டாலும் மதிப்புகள் சரியாக வருகின்றன.

பழைய_அசெம்ப்ளர்:
இஎல்எஃபை மட்டுமே ஏற்றியதால்தான் இது இவ்வளவு நாள் மறைந்திருந்தது. பழைய ஸ்கிரிப்டை வைத்து, இஎல்எஃபை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஆப்ஜ்காபியில் பின் கோப்பு (முகவரித் தகவல் இல்லாத வெறும் பைட்டுகள்) ஒன்றை உருவாக்கிப் பாருங்கள்.

பீன்யாவாசி:
பார்த்தேன். ஃபிளாஷின் தொடக்கத்துக்கும் ராமின் தொடக்கத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடம் முழுவதையும் நிரப்பி, 384 எம்பிக்கு ஒரு பின் கோப்பு வந்து விழுந்தது. சிப்பில் இருக்கும் ஃபிளாஷ் 1 எம்பி.