எட்டு டாப்புக்கு மயில்: கல் செலவைக் குறைக்க வழி உண்டா?

கோத்தகிரியிலிருந்து:
ஆண்டு விழா நடனத்துக்கு எட்டுப் பிள்ளைகளுக்குக் கரும்பச்சை காட்டன் டாப் தைத்திருக்கிறேன். நெஞ்சில் கல் வைத்த மயில் வேண்டும். மயிலின் பரப்பு 100 சதுர செ.மீ. வருகிறது. எஸ்எஸ் 10 என்ற அளவுக் கல்லை உள்ளே நிறைய அடுக்கினால் ஒரு டாப்புக்கே சுமார் 1,100 கல். பெற்றோரிடம் அவ்வளவு காசு கேட்க மனம் வரவில்லை. போன வருடம் பசையில் ஒட்டியதும் மேடை ஏறுமுன் பாதி உதிர்ந்துவிட்டது. பிள்ளைகள் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

குன்னூரிலிருந்து:
அக்கா, உள்ளே நிரப்பவே வேண்டாம். கோடு மட்டும் போதும், கரும்பச்சைத் துணியே மயிலின் உடம்பாகிவிடும். வரைந்த கோட்டின் மேல் நூலை வைத்து அளந்து பாருங்கள். 90 செ.மீ. வந்தால், 5 மி.மீ.க்கு ஒரு கல் வீதம் 180. எட்டு டாப்புக்கு 1,440. பாக்கெட்டும் 10 கிராஸ் (ஒரு கிராஸ் 144), அதாவது 1,440 கல்தான். ஆனால் ஒன்றுகூட மிஞ்சாது, உதிர்ந்தால் மாற்று இருக்காது. அதனால் 6 மி.மீ.க்கு ஒரு கல் வையுங்கள். 1,200-இல் முடியும், 240 கையில் நிற்கும். எஸ்எஸ் 10 கல் 2.8 மி.மீ. என்பதால் நடுவில் ஒரு கல் அளவுக்குத்தான் இடம் விடும். மேடைக்குக் கீழிருந்து பார்த்தால் கோடாகவே தெரியும்.

தோகைக் கண்களுக்கு மட்டும் 4 மி.மீ. எஸ்எஸ் 16 வையுங்கள். டாப்புக்கு ஏழு என்றால் மொத்தம் 56, ஒரு கிராஸே தாராளம்.

ஊட்டியிலிருந்து:
உதிர்ந்ததற்குக் குளிரும் ஈரமும் காரணமாக இருக்கலாம். நம் மலையில் பசை காய நாளாகும், அவசரப்பட்டால் பிடிக்காது. அடியில் பசை தடவியே வரும் ஹாட்ஃபிக்ஸ் கல் வாங்குங்கள். கல் வைக்குமுன் வெறும் துணியை ஒரு தடவை இஸ்திரி போட்டு ஈரத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம் கல்லை வைத்து, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, காட்டன் சூட்டில் 15 விநாடி அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, நீராவியும் வேண்டாம். ஆறியபின் துணியைத் திருப்பிப் பின்பக்கமும் ஒரு முறை அழுத்துங்கள். முதலில் வெட்டுத் துணியில் பார்ப்பது நல்லது.

கோத்தகிரியிலிருந்து:
வெட்டுத் துணியில் பத்துக் கல் வைத்துப் பார்த்தேன். நகத்தால் நெம்பியும் வரவில்லை. நூலால் அளந்தால் மயில் 96 செ.மீ., கொண்டையைச் சின்னதாக்கிவிட்டேன். ஒரு பாக்கெட்தான் வாங்கப் போகிறேன். இருவருக்கும் நன்றி.