ஷூ பெட்டிக்குள் துருவக் கரடி: பிள்ளைகளுக்கு எந்தக் காட்டை முதலில் காட்டுவது?

மாடித்தோட்டம்:
இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஒரு புராஜெக்ட். ஷூ பெட்டிக்குள் உலகின் ஒரு பயோம், அதாவது ஒரே மாதிரி தட்பவெப்பமும் அதற்கேற்ற செடி, விலங்குகளும் உள்ள நிலப்பகுதி, செய்து எடுத்துப்போக வேண்டும் (பெரிய வகுப்புப் புத்தகத்தில் பல்லுயிர்த் தொகுதி என்றிருக்கும்). இவளுக்கு விழுந்தது பனிப்பிரதேசம். ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய பொம்மைப் பாக்கெட்டில் பென்குவினும் துருவக் கரடியும் சேர்ந்தே இருந்தன. பஞ்சு ஒட்டி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டோம். ராத்திரி பதினொன்றுக்குப் பசை காயக் காத்திருக்கும்போதுதான் உறைத்தது: அது தெற்கே, இது வடக்கே, காட்டில் இரண்டும் சந்திக்கவே வழியில்லை. மிஸ் முழு மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டார். அதே வாரம் மதில் மேல் ஓடிய கீரியைப் பார்த்து மகள் சொன்னது, "அம்மா, பெரிய அணில்!"
என் கட்சி இதுதான். பத்து வயதுவரை கண்ணால் பார்க்கக்கூடிய உயிர்கள் போதும். துருவப் பக்கத்து டன்ட்ரா, ஆப்பிரிக்கப் புல்வெளியான சவானா எல்லாம் அப்புறம்.

பனங்கிழங்கு:
ஒத்துக்கொள்ள மாட்டேன் அக்கா. எம்பரர் பென்குவினில் அப்பாதான் முட்டையைக் கால் மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடி, இரண்டு மாதத்துக்கு மேல் சாப்பிடாமல் நிற்கும் என்று என் பையனிடம் ஒரு நாள் சொன்னேன். உடனே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கால் மேல் வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து ஹாலுக்குக் கிளம்பிவிட்டான். மூன்று தடவை உருண்டது. நாலாவது தடவை குதிகாலை மட்டும் ஊன்றி, விரலைத் தூக்கிக்கொண்டு, இஞ்ச் இஞ்சாக வந்து சேர்ந்தான். "அம்மா பென்குவின் எங்கே?" "கடலுக்குப் போயிருக்கு, சாப்பிட." "நீ ஆபீஸ் போற மாதிரியா?" எங்கள் தெருவில் இருக்கும் எந்த உயிரும் அவனை இப்படிக் கேட்க வைத்ததில்லை.

திணைமயக்கம்:
நம்மிடம் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்திணை இருக்கும்போது இந்த பயோம் எதற்கு? இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே பிரித்துவைத்துவிட்டார்கள். அதைச் சொல்லிக்கொடுங்கள்.

பழைய_ஜியாகிரபி:
தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். திணை எனக்கும் பிடிக்கும். ஆனால் அது பாட்டுக்கான நிலம். பொழுதும் மனநிலையும் சேர்ந்தது. பாலை என்பது குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்து திரிந்த நிலம். அதைச் சகாரா என்றால் பிள்ளை ஒட்டகம் வரையும். வரைந்தார்கள், முப்பது வருடம் பார்த்தேன். பாலைவனம் என்றால் மணல்தான் என்று பதிந்துபோன மண்டையில், உலகத்திலேயே பெரிய பாலைவனம் அண்டார்டிகா என்பதை ஏற்றுவது லேசில்லை. அதன் உள்பகுதியில் விழும் பனியைத் தண்ணீராகக் கணக்கிட்டால் வருடத்துக்குச் சுமார் 50 மில்லிமீட்டர். ஐப்பசியில் சென்னையில் ஒரு ராத்திரியில் அதைவிடக் கொட்டும்.
மாடித்தோட்டம் மேடத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீலகிரி உச்சியில் இருந்த புல்வெளியைத் தரிசு என்று நினைத்துத்தான் வெள்ளைக்காரர்கள் தைல மரமும் வாட்டில் மரமும் நட்டார்கள். நாமும் விடாமல் தொடர்ந்தோம். வரையாடு மேய்வது அந்தப் புல்லில்தான். மழையைப் பிடித்து ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் புல்லும் மலை மடிப்பில் இருக்கும் சோலைக்காடும்தான். நம் மாநில விலங்கு, 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,031 மட்டுமே. ஊட்டிக்கு டூர் கூட்டிப்போனால் பிள்ளைகள் நட்டுவைத்த பைன் மரத்தடியில் "காடு, காடு" என்று போட்டோ எடுப்பார்கள். புல்வெளியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு வருடம் முதலில் சவானாவை நடத்தினேன்: மரமே அதிகமில்லாத புல்லில் எத்தனை மான், எத்தனை வரிக்குதிரை, அதை நம்பி எத்தனை சிங்கம் என்று. அந்த வகுப்புப் பையன் ஒருவன்தான் மலையில் நின்று கேட்டான், "சார், இங்கே இந்தப் புல்லை யார் சாப்பிடுறா?"

மாடித்தோட்டம்:
சார், அந்தக் கேள்வி வர நீங்கள் மலைக்குத்தானே கூட்டிப்போனீர்கள்! சவானாவைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? மகள் வகுப்பில் ஆப்பிரிக்கப் பெட்டிகள் நாலு. அதில் மூன்றில் புலி.

இரண்டாம்மாடி:
எல்லாரும் வசதியாகப் பேசுகிறீர்கள். எங்கள் ஃபிளாட்டில் உள்ளூர் வனவிலங்கு என்றால் புறா, பல்லி, கரப்பான். வேனும் லீவும் பணமும் இருப்பவர்களுக்குத்தான் வரையாடு. யூடியூபில் சிங்கம் இலவசம்.

மாடித்தோட்டம்:
சென்னை என்றால் கடற்கரைக்கு பஸ் காசு போதுமே. ஜனவரி முதல் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. 1988-இலிருந்து மாணவர்கள் ராத்திரியில் மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். குஞ்சு விடும்போது போய் நின்று பாருங்கள்.

பனங்கிழங்கு:
அக்கா, கடலுக்குள் போன பிறகு அந்தக் குஞ்சு உள்ளூரா வெளியூரா? 😀

நெல்லைக்காரன்:
அதையே கேட்க வந்தேன். எங்கள் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். மார்கழி, தை மாதங்களில் வரித்தலை வாத்து வரும். வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு, பட்டை போட்ட மாதிரி. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறது. ஸ்டெப்பி என்று புத்தகத்தில் இருக்கிறதே, அந்தப் புல்வெளியில் மேய்ந்த அதே அலகுதான் நம்மூர்க் குளத்துக்கரைப் புல்லைப் பிடுங்குகிறது. போன தடவை அக்கா மகளைக் கூட்டிப்போனேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அங்கே குளிரும், சரி மாமா. இங்கே கொசு கடிக்காதா?" என்றாள். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஊர்க்காரர்கள் சாதாரணமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார்கள், பறவை பாட்டுக்கு மரத்தில் உட்கார்ந்திருக்கும். டிக்கெட், வேன் ஒன்றும் தேவையில்லை, இரண்டாம்மாடி சார். திருநெல்வேலியிலிருந்து பஸ் இருக்கிறது.

இரண்டாம்மாடி:
திருநெல்வேலி வரைக்கும்?

மாடித்தோட்டம்:
நான் இன்னும் மாறவில்லை, கீரி தெரியாமல் கரடி எதற்கு என்றுதான் சொல்வேன். ஆனால் பனங்கிழங்கு சொன்ன எலுமிச்சம்பழக் கதையை நேற்று மகளிடம் சொல்லிவிட்டேன், தப்புதான். பள்ளியிலிருந்து திரும்பி வந்த பெட்டியைப் பரணிலிருந்து எடுக்கச் சொன்னாள். கரடியைப் பஞ்சோடு பிய்த்து வேறு டப்பாவுக்கு மாற்றியாயிற்று. பென்குவின் காலடியில் ஒரு பச்சைப் பட்டாணி. அது நிற்க மாட்டேன் என்கிறது, ஃபெவிகால் கேட்டு உயிரை வாங்குகிறாள்.