முட்கள் அசையாத கட்டுப்பாட்டு அறை: பத்தானில் நான் கண்டது

அனல்மின் நிலையங்களில் முப்பது ஆண்டுகள் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவன் நான். பிலிப்பைன்ஸின் மணிலாவில் வேலை பார்க்கும் மகளிடம் சென்றிருந்தபோது, பத்தான் மாகாணத்தின் மொரோங் கடற்கரையில் இருக்கும் அணுமின் நிலையத்தை முன்அனுமதி பெற்றுச் சுற்றிப் பார்த்தேன்.

1976இல், அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸின் ஆட்சியில், கட்டத் தொடங்கிய 621 மெகாவாட் நிலையம் அது. வேலை ஏறக்குறைய முடிந்திருந்த வேளையில் மார்க்கோஸ் ஆட்சி கவிழ்ந்தது. அதே 1986இல் சோவியத் யூனியனின் செர்னோபில் அணுஉலை விபத்தும் நேரவே, அடுத்து வந்த அதிபர் கொரசோன் அக்கினோவின் அரசு அதை இயக்குவதில்லை என்று முடிவெடுத்தது. எரிபொருள் ஒருமுறைகூட ஏற்றப்படாததால், கதிர்வீச்சு அச்சம் இல்லாமல் அணுஉலைக் கட்டடத்துக்குள்ளேயே நடக்க முடிகிறது.

கட்டுப்பாட்டு அறையில் நெடுநேரம் நின்றேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழகிய அதே வகை முள் அளவிகள் சுவர் நீளத்துக்கு வரிசையாக இருந்தன. தூசி துடைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முள்ளும் பூஜ்யத்தில் நின்றது. இதைக் கட்டிய அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் இதே தலைமுறை உலை ஸ்லோவேனியாவின் க்ர்ஷ்கோவில் 1980களிலிருந்து மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்தபோது மனம் கனத்தது.

ஓடும் உலையில் நியூட்ரான்கள் பட்டுப் பட்டு உலைக்கலனின் எஃகு நலிவடையும்; இங்கே அப்படி நடந்திருக்காது என்று, நிலையத்தை மீட்டு இயக்க வேண்டும் என்போர் கூறுவது சரியே. ஆனால் மூன்று மாதம் நின்ற பம்பைக்கூட சீல் கசியாமல் மீண்டும் ஓடவைக்க நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கேபிள் உறையும் ரப்பர் கேஸ்கட்டும் ஓடாமல் இருந்தாலும் மூப்படையும், கடற்காற்று வேறு. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய மின்னணுப் பாகங்களுக்கு இன்று மாற்று கிடைப்பதே அரிது. அருகிலுள்ள நாத்திப் எரிமலையைப் பற்றியும் நிலநடுக்கத்தைப் பற்றியும் புவியியலாளர்கள் எழுப்பும் கேள்விகள் இவற்றுக்கெல்லாம் முன்னால் வர வேண்டியவை.

திரும்பும் வழியில் சாப்பிட்ட சிறு உணவகத்தை நடத்தும் மூதாட்டி, 1985 ஜூனில் இந்த நிலையத்தை எதிர்த்து பத்தான் முழுவதும் நடந்த வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர். மீன் குழம்பை வைத்துவிட்டு எதிரில் அமர்ந்தவர் எரிமலையைப் பற்றிப் பேசவில்லை. கடனைப் பற்றித்தான் பேசினார். ஒரு யூனிட் மின்சாரமும் தராத நிலையத்துக்காக வாங்கிய கடனை நாட்டு மக்கள் 2007 வரை கட்டியிருக்கிறார்கள். “மறுபடியும் யார் கட்டுவது?” என்று மகளின் மொழிபெயர்ப்பு வழியாக என்னைக் கேட்டார்.

நிலையத்தை மீட்க முடியுமா என்று ஆராய, தென்கொரிய அரசு அணுமின் நிறுவனத்துடன் 2024 அக்டோபரில் உடன்பாடு கையெழுத்தாகியுள்ளது. மின்தேவை பெருகும் நாட்டில் இந்த ஆய்வை நான் வரவேற்கிறேன். ஆனால் எந்தெந்தப் பாகத்தைத் திறந்து சோதித்தார்கள், எதை மாற்ற வேண்டும், செலவு யார் தலையில் விழும் என்பதெல்லாம் விளங்கும்படி, அறிக்கை முழுவதும் தகாலோக் மொழியில் மொரோங் மக்களின் கைக்கு வர வேண்டும். அதற்கு முன், நிலையத்தை மீட்பதற்கான எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது.