காஷான் கிண்ணத்தில் இருப்பது தங்க முலாமா?

வைகைநிலா:
லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 13-ஆம் நூற்றாண்டு ஈரானியக் கிண்ணம் ஒன்றைப் பார்த்தேன், காஷான் ஊரில் செய்தது. நேராக நின்றால் வெறும் பழுப்பு. கொஞ்சம் நகர்ந்தால் பொன்னாக மின்னுகிறது. தங்க முலாம் என்றால் இத்தனை காலத்தில் உரிந்திருக்காதா?

சூளைக்காரன்:
தங்கம் துளியும் கிடையாது. வெள்ளியும் செம்பும்தான், இந்த மினுக்கு வேலைக்கு லஸ்டர் என்று பெயர். வெள்ளை கிளேஸ் (கண்ணாடி மாதிரியான பூச்சு) போட்டுச் சுட்டு முடித்த பாத்திரத்தின் மேல்தான் வேலையே ஆரம்பிக்கும். வெள்ளி, செம்புச் சேர்மங்களைக் காவிமண்ணும் வினிகரும் சேர்த்து அரைத்து, அந்தக் குழம்பால் வரைவார்கள். அப்புறம் சுமார் 600 டிகிரியில் இன்னொரு சூடு, இந்த முறை புகை மூட்டத்தில். வெள்ளியும் செம்பும் கிளேஸுக்குள் இறங்கி, புகையால் நானோ அளவு உலோகத் துகள்களாக மாறி அங்கேயே தங்கிவிடும். உரிவதற்கு மேலே எதுவும் இல்லை.

நான் கேஸ் சூளையில் செய்கிறேன். வெளியே எடுக்கும்போது கருகிய தோசைக்கல் மாதிரி இருக்கும், பார்க்கச் சகிக்காது. ஈரத்துணியால் தேய்த்தால் மண் உதிர்ந்து, வரைந்த கோடு மட்டும் பளிச்சென்று எழும். புகை குறைந்தால் கோடு பிடிக்காது, கூடினால் மொத்தமும் மங்கிவிடும். காஷான் குயவர் குடும்பத்தில் பிறந்து மங்கோலிய அரசவையில் வரலாறு எழுதிய அபுல் காசிம், 1301-இல் எழுதிய குறிப்பில் 72 மணி நேரம் இலேசான புகையில் வைக்கச் சொல்கிறார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, கேஸ் விற்கும் விலைக்கு அது கட்டுப்படியும் ஆகாது.

காயல்_ரஃபீக்:
பொன், வெள்ளிப் பாத்திரத்தில் உண்பதை இஸ்லாமிய மார்க்கம் தடுத்ததால்தான் இந்த வித்தை பிறந்தது என்று படித்திருக்கிறேன். சரிதானே?

சூளைக்காரன்:
பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் பாய், எனக்கு முழுத் திருப்தி இல்லை. 9-ஆம் நூற்றாண்டில் ஈராக்கில் மண்பாத்திரத்துக்கு வருவதற்கு முன்பே எகிப்திலும் சிரியாவிலும் கண்ணாடியில் இதைத் தீட்டியிருக்கிறார்கள். துனிசியாவின் கைருவான் பெரிய பள்ளிவாசலில் மிஹ்ராபை (தொழுகைத் திசையைக் காட்டும் சுவர் மாடம்) சுற்றி அதே 9-ஆம் நூற்றாண்டு லஸ்டர் ஓடுகள் இன்றும் இருக்கின்றன. காஷான்காரர்களும் தர்காக்களுக்கு நட்சத்திர ஓடுகளாகச் செய்து தள்ளினார்கள். சுவரில் யாரும் சோறு போட்டுத் தின்பதில்லையே! தடை ஒரு காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் மினுக்கு யாருக்குத்தான் பிடிக்காது?

வைகைநிலா:
என்னிடம் சின்ன மின்சூளை இருக்கிறது. அதில் முயற்சி செய்யலாமா அண்ணா?

சூளைக்காரன்:
வேண்டாம்மா. புகை போட்டால் கம்பிச்சுருள் சீக்கிரம் போய்விடும். விறகுச் சூளையோ கேஸ் சூளையோ வைத்திருப்பவர் யாரையாவது பிடியுங்கள். வெள்ளி நைட்ரேட்டைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். விரல் கறுத்துப்போனால் நாள்கணக்கில் போகாது.