கொல்லிமலையில் நடந்தே சுற்ற எந்த ஊரில் தங்குவது?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்)

வணக்கம். தை மாதக் கடைசியில் அம்மாவும் நானும் கொல்லிமலையில் இரண்டு இரவுகள் தங்க எண்ணியுள்ளோம். எங்களிடம் கார் இல்லை; நாமக்கல் வரை வந்து, அங்கிருந்து மலைப் பேருந்தில் ஏறுவதாகத் திட்டம். அம்மாவுக்கு 64 வயது. சமதரையில் நான்கு கிலோமீட்டர் சலிக்காமல் நடப்பார். ஏற்றம் என்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். காலையில் காப்பித் தோட்டங்களின் ஓரமாக நடந்துவிட்டு, டீக்கடையில் சற்று உட்கார்ந்துவிட்டு அறைக்குத் திரும்ப வேண்டும் என்பதே அவருடைய ஆசை. சோளக்காடு, செம்மேடு, அறப்பளீசுவரர் கோயில் பக்கம் என ஆளுக்கு ஓர் இடம் சொல்கிறார்கள். எங்களுக்கு எது பொருந்தும்?

மறுமொழி (ராசிபுரம்)

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் செம்மேடுதான். பேருந்து நிலையம், அரசு அலுவலகங்கள், மருந்துக்கடை, உணவு விடுதிகள் எல்லாம் வல்வில் ஓரி சிலையைச் சுற்றியே இருப்பதால், அங்கே தங்கினால் எதற்கும் வண்டி தேட வேண்டியதில்லை. கோயில் அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஒரு நாள் காலைப் பேருந்தில் போய் வந்துவிடலாம். கோயில் பக்கம் அமைதியானது என்பது உண்மைதான். ஆனால் இருட்டிய பிறகு சூடாக ஏதாவது சாப்பிட நினைத்தால் அலைய வேண்டியிருக்கும். ஆகாய கங்கை அருவிக்கு அங்கிருந்துதான் இறங்குகிறார்கள் என்றாலும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படிகளை உங்கள் அம்மா மறந்துவிடுவதே நல்லது. இறங்கும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போதுதான் கால் கணக்குக் கேட்கும்.

மறுமொழி (பெருந்துறை)

ஊரைவிட, ஊருக்குள் அறை எங்கே இருக்கிறது என்பதைத்தான் நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டும். இதே மலையில் நாங்கள் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். தொலைபேசியில் விடுதிக்காரர், “கடைத்தெருவுக்குக் கூப்பிடு தூரம்தாங்க” என்றார். போய்ப் பார்த்தால் அவர் பொய் சொல்லவில்லை: எங்கள் அறை வாசலில் நின்று கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் இருந்த டீக்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஆனால் நடுவே ஓர் ஓடை. அதைச் சுற்றிக்கொண்டு மண் பாதையில் இறங்கி மறுபடி ஏறினால்தான் அந்த டீ கைக்கு வரும். என் மாமியார் முதல் நாள் பாதி வழியில் மதகுச் சுவரில் உட்கார்ந்தவர், மறுநாள் அறையைவிட்டு வெளியே வரவே இல்லை.

ஆகவே எத்தனை மீட்டர் என்று கேட்காதீர்கள். கடையிலிருந்து அறைக்குத் திரும்பும்போது ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா, பாதை தார்ச்சாலையா, இரவில் விளக்கு உண்டா என்று கேளுங்கள். வயதானவர்களுக்குப் போகும்போது மேடும் வரும்போது பள்ளமும் இருந்தால் சமாளித்துவிடலாம். களைத்துத் திரும்பும் வேளையில் மேடு வந்தால் முழங்கால் தாங்காது.

மறுமொழி (சேந்தமங்கலம்)

நான் சோளக்காட்டுக்காகக் கொஞ்சம் பேசுகிறேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்ததும் வரும் ஊர் அது. சந்தையில் மலைவாழை, அன்னாசி, மிளகு எனப் பார்த்து வாங்கலாம். சாலையோரத்துச் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி நுனிவரை ஏறியிருக்க, அடியில் காப்பிச் செடிகள் நிழலில் நிற்பதை நடந்துபோகும்போதுதான் நின்று பார்க்க முடியும். சனி, ஞாயிறுகளில் மட்டும் இருசக்கர வண்டிகளின் இரைச்சல் அதிகம். தை மாதத்தில் போவதால் அறை எளிதாகக் கிடைக்கும்; ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழா என்பதால் அப்போது கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

இன்னொன்று: வளைவுகளில் அம்மாவுக்குக் குமட்டாமல் இருக்க, ஓட்டுநருக்குப் பின்னால் சன்னலோர இருக்கையைப் பிடியுங்கள். காலையில் இரண்டு இட்டலிக்கு மேல் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. செம்மேட்டில் இரண்டு விடுதிகளை அழைத்துப் பெருந்துறை அண்ணன் சொன்னபடியே கேட்டேன். ஒருவர், “ஏத்தமெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க” என்றார். அதிலேயே ஏற்றம் இருப்பது தெரிந்துவிட்டது. மற்றவரோ, தம் தாயாரே தினமும் பால் வாங்கக் கடைக்கு நடந்து போய் வருவதாகச் சொன்னார். அவரிடம் கீழ்த்தளத்தில் ஓர் அறை சொல்லி வைத்திருக்கிறேன். சோளக்காட்டுச் சந்தைக்கு இரண்டாம் நாள் பேருந்தில் போவோம். அம்மா இப்போதே கம்பளியை வெயிலில் காயப்போட்டுவிட்டார்.