ஸ்ப்ரே டான் அடிக்கும் வேலை: மாலையானால் நெஞ்சு இறுக்கம். முகக்கவசம் மட்டும் போதுமா?

நெல்லியடிக்காரி (லிவர்பூல்) கேட்டது:

வணக்கம். நான் இங்கே ஓர் அழகு நிலையத்தில் மூன்று வருடமாக ஸ்ப்ரே டான் அடிக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வாடிக்கையாளர் காகித உள்ளாடையோடு ஒரு சின்னக் கூடாரத்துக்குள் நிற்பார். நான் பெயின்ட் அடிக்கும் துப்பாக்கி போன்ற ஒன்றால் பழுப்பு நீரை உடம்பு முழுவதும் பனிபோலத் தெளிப்பேன். ஆறேழு மணி நேரத்தில் தோல் மாநிறமாகிவிடும், ஒரு வாரத்தில் மங்கிவிடும். வெள்ளையாவதற்குக் கிரீம் பூசுகிற ஊரில் இருக்கும் என் அம்மா, இதற்குக் காசு கொடுத்து ஆள் வருகிறது என்பதை இன்றுவரை நம்பவில்லை.

ஏப்ரலில் இங்கே எயின்ட்ரீ குதிரைப் பந்தயம் நடக்கும். வெள்ளிக்கிழமை பெண்கள் நாள் என்பதால், நிறம் ஏற நேரம் வேண்டுமென்று புதனும் வியாழனும் ஊரே எங்களிடம் வந்து நிற்கும். இந்த வருடம் அந்த வியாழக்கிழமை மட்டும் நான் 21 பேருக்கு அடித்தேன். இரவு வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை தேயிலைச் சாயம் பட்டதுபோல் இருந்தது. மூக்குக் கண்ணாடியில் விரல் ஒட்டியது.

அன்று தொடங்கியது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நெஞ்சில் யாரோ கை வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது, படுத்தால் இருமல். ஞாயிறும் திங்களும் எனக்கு விடுமுறை, அந்த இரண்டு நாளும் ஒன்றுமில்லை. செவ்வாய் பிற்பகல் மறுபடி வந்துவிடுகிறது. அம்மா தடிமன் என்று சொல்லி வீடியோ அழைப்பிலேயே கொத்தமல்லிக் குடிநீர் காய்ச்சக் கற்பிக்கிறார். முதலாளியம்மா, "அது சர்க்கரையிலிருந்து எடுப்பது, ஒன்றும் செய்யாது" என்று சொல்லி ஒரு பெட்டி நீல முகக்கவசம் தந்தார்.

அறை முன்பு சாமான் வைத்திருந்த அறை, ஜன்னல் இல்லை. கூடாரத்தின் பின்புறம் வடிகட்டி வைத்த மின்விசிறி ஒன்று உண்டு. அதன் சத்தம் வாடிக்கையாளருக்குத் தொந்தரவாம், அதனால் குறைவான வேகத்தில்தான் ஓடும். எந்த முகக்கவசம் வாங்கினால் நல்லது? அல்லது இது என் மனப்பிரமைதானா?

வெம்பிளித் தம்பி எழுதியது:

அக்கா, வேலையை மாற்றுங்கள். செயற்கை இமைமுடி ஒட்டும் வேலைக்கு இப்போது நல்ல கிராக்கி. தெளிப்பும் இல்லை, புகையும் இல்லை.

மல்லிகைப்பந்தல் (மெல்பர்ன்) எழுதியது:

தம்பி, இமைமுடி ஒட்டும் பசையில் இருப்பது சயனோஅக்ரிலேட். அதிலிருந்து எழும் ஆவியால் ஆஸ்துமா வந்தவர்களும் இருக்கிறார்கள். சட்டியிலிருந்து அடுப்புக்குள் தள்ளிவிடாதீர்கள்.

தங்கச்சி, மனப்பிரமை இல்லை. முதலில் அந்த நீலப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் தும்மினால் எதிரே நிற்பவர்மேல் படாமல் தடுக்கத்தான் அது. கன்னத்தின் இரண்டு பக்கமும் திறந்துதான் கிடக்கும், நீங்கள் இழுக்கும் மூச்சு அந்த வழியாகவே உள்ளே போகும்.

நான் பத்து வருடத்துக்கு மேலாக இந்தத் துப்பாக்கியைப் பிடிக்கிறேன். 2015 பிறந்ததும் எங்கள் மாநிலத்தில், புற ஊதாக் கதிரில் படுத்துத் தோலைப் பழுப்பாக்கும் கதிர்ப் படுக்கைகளைத் தடை செய்தார்கள். அதுவரை வரவேற்பு மேசையில் இருந்த என்னை ஒரு நாள் பயிற்சியோடு கூடாரத்துக்கு அனுப்பினார்கள். இங்கேயும் குதிரைகள்தான்: நவம்பர் முதல் செவ்வாய் மெல்பர்ன் கோப்பை, அதற்கு முந்தின ஞாயிறும் திங்களும் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. முதல் இரண்டு வருடம் நானும் உங்களைப்போலவே இருமினேன். பிறகு முகக்கவசத்தால் அல்ல, நிற்கும் இடத்தால் தப்பித்தேன்.

வாடிக்கையாளர் எப்போதும் உங்களுக்கும் விசிறிக்கும் நடுவில் இருக்க வேண்டும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, அவரைக் கடந்து, வடிகட்டிக்குள் போக வேண்டும். அவரைச் சுற்றிச் சுற்றி நடந்து அடிப்பவர்கள் பாதி நேரம் விசிறிக்கும் அவருக்கும் இடையில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நான் நகரமாட்டேன், அவர்தான் திரும்புவார்.

கால்களுக்கு அடிக்கும்போது குந்தியிருப்பீர்கள், மூக்கு நேராகப் பனிக்குள் இருக்கும். ஒரு சாண் உயர மேடை வாங்கி அதில் அவரை ஏற்றி நிறுத்துங்கள், முதுகும் பிழைக்கும். அக்குளுக்குக் கீழிருந்து மேலே அடிக்காதீர்கள், அது அப்படியே உங்கள் முகத்துக்கு எழும்பும். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் அடியுங்கள்.

இன்னொன்று, விரல். உடம்பு முடியும் இடத்தில் விசையை விட வேண்டும். பழகாதவர்கள் கை முடிந்த பிறகும் இரண்டு அங்குலம் காற்றுக்கு அடிப்பார்கள். தோலில் ஒட்டாத அந்தத் துளியெல்லாம் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? துப்பாக்கியைத் தோலிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, நீர் வரத்தைக் குறைத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம் கூடும், ஆனால் அறை தெளிவாக இருக்கும். முகத்துக்கு அடிக்கும்போது அவரைக் கண்ணையும் வாயையும் மூடி மூச்சைப் பிடிக்கச் சொல்கிறோம் அல்லவா, நானும் சேர்ந்து பிடிப்பேன்.

வடிகட்டியைக் கடைசியாக யார் கழுவினார்கள் என்று கேளுங்கள். பதில் வராது.

பழைய பெயின்டர் (லூட்டன்) எழுதியது:

நான் கார் பாடி ஷாப்பில் 14 வருடம் பெயின்ட் அடித்தவன். எங்கள் பெயின்டில் ஐசோசயனேட் இருக்கும், உங்கள் சாயத்தைவிடப் பல மடங்கு கொடியது. அதனால் வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி போடுவோம். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் எங்கள் கூடத்தில் கற்ற இரண்டு விஷயம் உங்களுக்கும் பொருந்தும்.

ஒன்று, கண்ணுக்குத் தெரியும் பனி அடங்கிவிட்டால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மிகச் சிறிய துளிகள்தான் கடைசிவரை மிதக்கும், நெஞ்சின் அடிவரை போவதும் அவைதான். எங்கள் பூத் கதவில் காற்று தெளிய எத்தனை நிமிடம் என்று எழுதி ஒட்டியிருக்கும். துப்பாக்கியை நிறுத்தினாலும் அத்தனை நிமிடம் ஆகும்வரை முகமூடியைக் கழற்றக்கூடாது. நீங்களோ ஒருவர் வெளியே போனதும் அடுத்தவரை உள்ளே விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு, டார்ச். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஆளில்லாமல் கூடாரத்துக்குள் மூன்று வினாடி அடியுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒருவரை டார்ச்சோடு நிறுத்தி, ஒளி பனியை ஊடுருவி உங்கள் பக்கம் வரும்படி பிடிக்கச் சொல்லுங்கள். ஒளி நேரே கண்ணில் படாமல் ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரியாதது அப்போது தெரியும். காற்று எங்கே போகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

முகமூடி கேட்டீர்கள். எஃப்.எஃப்.பி.3 என்று அச்சிட்டது வாங்கச் சொல்லுங்கள். அது துளியைத்தான் தடுக்கும், வாசனைத் திரவியமும் ஆல்கஹாலும் ஆவியாக அதற்குள் புகுந்து வரும். வாசனையே உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பழுப்புப் பட்டை போட்ட ஏ வகை வடிகட்டியோடு துகள் வடிகட்டியும் சேர்ந்த அரை முகமூடி வேண்டும். எதுவானாலும் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்காமல் போட்டால் வீண். மூக்குத்தி போட்டிருந்தால் கழற்ற வேண்டிவரும்.

காசு நீங்கள் கொடுக்கக்கூடாது. பாதுகாப்புப் பொருளுக்கு ஊழியரிடம் பணம் வாங்கக்கூடாது என்பது இங்கே 1974ஆம் ஆண்டுச் சட்டம். மூச்சுக்குள் போய்க் கெடுதி செய்யும் பொருளை முதலில் காற்றிலேயே குறைக்க வேண்டும், முகமூடி அதற்குப் பிறகுதான் என்பது கோஷ் (COSHH) எனப்படும் 2002ஆம் ஆண்டின் ஆபத்தான பொருள் விதி. உறிஞ்சும் விசிறிக்கு 14 மாதத்துக்கு ஒருமுறையாவது முறையான பரிசோதனை வேண்டும் என்பதும் அதில் உண்டு. சண்டைக்குப் போகாமல், "பரிசோதனைச் சீட்டு எங்கே?" என்று மட்டும் கேளுங்கள்.

நெல்லியடிக்காரி எழுதியது:

அண்ணா, மூக்குத்தி போட்டிருக்கிறேன். அப்பம்மா தந்தது, பத்து வயதிலிருந்து கழற்றியதில்லை. வேறு வழி இல்லையா?

மாத்திரைக்கடை எழுதியது:

மூக்குத்திக் கவலை பிறகு. நான் லண்டனில் மருந்தாளராக இருக்கிறேன். விடுமுறை நாளில் நன்றாக இருந்து வேலை நாளில் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலையால் வரும் ஆஸ்துமாவைச் சந்தேகிக்க மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான். உங்கள் மருத்துவரிடம் "இருமல்" என்று மட்டும் சொன்னால் ஒரு நீல இன்ஹேலரோடு அனுப்பிவிடுவார்கள். "சாயம் தெளிக்கும் வேலை, ஞாயிறு திங்கள் நன்றாக இருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எவ்வளவு வேகமாக மூச்சை ஊதுகிறீர்கள் என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் கேட்டு வாங்கி (எண் குறைந்தால் மூச்சுக்குழாய் இறுகுகிறது என்று அர்த்தம்), நாளுக்கு நான்கு முறைக்குக் குறையாமல் நான்கு வாரம் எழுதுங்கள், விடுமுறை நாளையும் விடாமல். இதைத் தள்ளிப்போடாதீர்கள். வேலையால் வரும் ஆஸ்துமாவில், காரணத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் விலகுகிறீர்களோ அவ்வளவுக்குக் குணமாகும் வாய்ப்பு கூடும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசமுடியாத அளவு மூச்சு வாங்கினால் 999ஐ அழையுங்கள், அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கட்டும்.

அந்தச் சர்க்கரைப் பேச்சுக்கு வருகிறேன். சாயத்தில் வேலை செய்வது டைஹைட்ராக்ஸிஅசிட்டோன், சுருக்கமாக டி.எச்.ஏ. அது சர்க்கரை வகைதான், பொய்யில்லை. தோலின் இறந்த மேல்படலத்தில் இருக்கும் அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பாகிறது, தோசை சிவப்பதும் ஏறக்குறைய இதே வேதியியல்தான். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்பவர் நோயுள்ள குழந்தைகளுக்கு இதைக் குடிக்கக் கொடுத்து ஆராய்ந்தபோது, தோலில் சிந்திய இடம் பழுப்பானதைக் கண்டார். இந்தத் தொழிலே அங்கிருந்து வந்தது. ஆனால் வயிறு வேறு, நுரையீரல் வேறு. கோதுமை மாவு சாப்பிடும் பொருள்தானே? பிரிட்டனில் வேலையால் ஆஸ்துமா வருவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அதே மாவுதான், பேக்கரிக்காரர்களைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் டி.எச்.ஏ.வை உடம்பின் வெளிப்புறம் பூசத்தான் அனுமதித்தது. கண், உதடு, மூக்கின் உட்புறம், மூச்சு எதற்கும் அனுமதியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு 2010இல் தெளிப்பு அறைகளில் 14 சதவீதம் வரை வாடிக்கையாளருக்கு ஆபத்தில்லை என்றது. வாடிக்கையாளருக்கு! அவர் உள்ளே நிற்பது பத்து நிமிடம். நீங்கள் நிற்பது செவ்வாயிலிருந்து சனிவரை.

நெல்லியடிக்காரி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வடிகட்டியை யார் கழுவினார்கள் என்று கேட்டேன். மல்லிகைப்பந்தல் அக்கா சொன்னதுபோல் பதில் வரவில்லை. நானே கழற்றினேன். வெள்ளைப் பஞ்சாக இருந்திருக்க வேண்டியது பனங்கட்டிப் பாகில் தோய்த்த கம்பளிபோல் கனத்தது. வெந்நீரில் போட்டதும் தொட்டி முழுக்கப் பழுப்பு, ஆறு தண்ணீர் மாற்றியும் நிற்கவில்லை.

மீண்டும் மாட்டுவதற்கு முன் ஒரு யோசனை வந்தது. பழைய இன்னொரு வடிகட்டி, அதே அழுக்கோடு, அலமாரியில் கிடந்தது. அதை மாட்டிவிட்டு, முதலாளியம்மாவைக் கையில் டார்ச்சோடு எதிரே நிறுத்தி விளக்கை அணைத்தேன். அடித்த பனி பின்சுவரில் மோதியது, சுவரோடு மேலே ஏறியது, கூரைத் துணியில் திரும்பி மெல்ல என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அவ்வளவு மெதுவாக, ஏதோ என்னைத் தேடி வருவதுபோல. அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு கழுவினதை மாட்டி, விசிறியை முழு வேகத்தில் வைத்து அடித்தேன். கயிறு கட்டி இழுத்ததுபோல் உள்ளே போயிற்று. அப்படியும் டார்ச் ஒளியில் கடைசித் துளி மறைய நான்கு நிமிடம் ஆயிற்று.

அதனால் இப்போது 15 நிமிடத்துக்கு ஒருவர் என்றிருந்ததை 20 ஆக்கியிருக்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். நாளுக்கு இரண்டு மூன்று பேர் குறைகிறார்கள், அதை மாதக் கடைசியில் சொல்லிக்காட்டுவார் என்று தெரியும். பரிசோதனைச் சீட்டு இல்லை, ஆளைக் கூப்பிட்டிருக்கிறாராம். காற்றைக் குழாய் வைத்து வெளியே விடக் கட்டட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அது வரும்வரை வாசனை அறைக்குள்ளேதான் சுற்றும்.

மருத்துவரிடம் அந்த வாக்கியத்தையே முதலில் சொன்னேன். மீட்டர் தந்தார். இரண்டு வாரம் எழுதியாயிற்று. திங்கள் 430 ஊதுகிறேன், வெள்ளி மாலை 360. தாளைப் பார்த்துவிட்டு நெஞ்சு நிபுணருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரைப் பார்க்கும்வரை நான் தெளிக்கும் நாளை மூன்றாகக் குறைத்து, மற்ற நாளில் வரவேற்பு மேசையில் இருக்கக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

முகமூடி பொருத்திப் பார்க்க ஒருவர் வந்தார். தலைக்கு மேல் பை போன்ற ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைத் தெளித்து, தலையை ஆட்டு, குனி, பேசு என்றார். மூக்குத்தியோடு போட்ட முதல் தடவை இரண்டாவது தெளிப்பிலேயே வேப்பங்காய் கடித்ததுபோல் வாய் கசந்தது. கழற்றிவிட்டுப் போட்டேன், கடைசிவரை ஒன்றும் தெரியவில்லை. இப்போது வேலைக்குப் போகும்போது கழற்றி மாத்திரை டப்பாவுக்குள் போட்டுக்கொள்கிறேன்.

அன்று மாலை அம்மா அழைத்தார். இருமல் எப்படி என்று கேட்கவில்லை. "மூக்குத்தி எங்கே?" என்றார்.