கோலம் போட்டு நிரல் கற்கலாமா?

நெளிகோலம்:
அண்ணன் மகளுக்கு 14 வயது. பைத்தான் நிரல்மொழி என்றாலே கொட்டாவி விடுவாள். இந்த லீவில், கட்டளை கொடுத்தால் திரையில் கோடு போட்டுக்கொண்டே நகரும் அதன் 'டர்டில்' ஆமையைத் திறந்து, "முன்னால் 100, வலப்பக்கம் 90 டிகிரி, இதையே 4 தடவை" என்று காட்டினேன். சதுரம் வந்தது. அதையே பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி 36 தடவை போட்டதும் பூ! லூப்புக்குள் லூப் (திரும்பச் செய்வதற்குள் இன்னொரு திரும்பச் செய்வது) என்று நான் வாயே திறக்கவில்லை, அவளே எழுதிவிட்டாள். தொடங்குகிறவர்களுக்குப் படம்தான் சரி என்பது என் கட்சி.

அரைப்புள்ளி:
பூ வந்தது, சரி. 36-க்குப் பதில் 35 போட்டிருந்தாலும் பூ மாதிரித்தான் இருந்திருக்கும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். என் சண்டையே அதுதான். சம்பளக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் தப்பு தப்புதான். படத்தில் தப்பு வந்தால் 'இதுவும் அழகுதான்' என்று நகர்ந்துவிடலாம். இப்படிக் கற்றுவந்த சிலருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். வட்டங்களை ஜோராகச் சுழற்றுவார்கள். பத்துப் பெயரை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் கை நின்றுவிடும்.

நெளிகோலம்:
உங்கள் வீட்டு வாசலில் கோலம் கிடையாது போல. இழை ஓரிடத்தில் சேராவிட்டால் தெருவே கேட்கும். ஐங்கோணத்துக்கு 70 டிகிரி போட்டாள், கடைசிக் கோடு தொடங்கிய இடத்துக்கு வரவில்லை. 75 போட்டாள், அதுவும் இல்லை. அப்புறம்தான் 360-ஐ 5-ஆல் வகுத்து 72 என்றாள்.

தாம்பரத்தான்:
இது ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஊர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1974-லேயே ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து கோலத்துக்கு இலக்கணம் எழுதி வெளியிட்டார். வாக்கியத்துக்கு விதி எழுதுவதுபோல் கட்டங்களுக்கு விதி. கணினி அறிவியல்தான் அது.

அரைப்புள்ளி:
அவர்கள் கணிதத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கோலத்துக்கு வந்தவர்கள். நீங்கள் எதிர்ப்பக்கமாக நடக்கச் சொல்கிறீர்கள்.

புதுக்கை:
நான் எதிர்ப்பக்கமாக நடந்தவள்தான், பிகாம் படித்தவள். நிரல் எழுதிப் படம் வரைய உதவும் பி5-ல் ஒரு பந்தை ஓடவிட்டேன். பின்னணியை அழிக்கும் வரியை மறந்ததால் பந்து பாம்பாக நீண்டது. வரையும் பகுதி நொடிக்கு 60 தடவை ஓடுகிறது என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. ஆனால் அரைப்புள்ளி சார் சொல்வதும் நிஜம். கோப்பிலிருந்து தரவை எடுக்க வந்தபோது மறுபடி முதலிலிருந்துதான்.

அரைப்புள்ளி:
அப்படியானால் 'ஏதாவது அழகாக வரை' என்று விடாதீர்கள். விடை முன்பே தெரிந்த படமாகக் கொடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். 4 வரிசை, வரிசைக்கு 6 புள்ளி. நடுவில் எங்கும் மடக்காமல், ஓரத்தில் மட்டும் வளைத்து எல்லாப் புள்ளியையும் சுற்றினால் 2 தனி இழை வரும். 4-க்கு 5 என்றால் ஒரே இழை. எத்தனை இழை என்று வரையாமலே சொல்லும் நிரலை அவள் எழுதட்டும், பார்ப்போம்.

நெளிகோலம்:
அந்த இரண்டு எண்ணின் மீப்பெரு பொதுக் காரணிதானே விடை? அவளிடம் சொல்ல மாட்டேன். இப்போது 3-க்கு 3 போட்டு விரலால் இழை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.